காற்றுமானியைத் திறந்து பார்த்தபோது

உதகமண்டலத்தில் வாழ்பவர்களுக்குக் காற்றின் தரம் காட்டும் கருவி எதற்கு என்று எங்கள் உறவினர் பலர் கேட்டதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒளிப்படச் சுருள் தயாரிக்கத் தூசி குறைந்த, குளிர்ந்த காற்று வேண்டும். 1960களில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இம்மலையில் நிறுவப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட ஊரில் காற்றை அளக்கக் காசு செலவழிப்பது வீண் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஆனால் ஒரு நாளின் பெரும்பகுதியில் நாம் சுவாசிப்பது ஊரின் காற்றை அன்று, வீட்டின் காற்றை. மார்கழியிலும் தையிலும் உறைபனி இறங்கும் நாள்களில் மாலை ஐந்து மணிக்கே சன்னல்கள் அடைபடுகின்றன. கதவிடுக்கில் பழந்துணி செருகப்படுகிறது. அடுக்களைப் புகை, சாம்பிராணிப் புகை, ஈரச் சுவரில் படர்ந்த பூஞ்சை, குளிர் காய மூட்டிய கும்முட்டி அடுப்பின் ஆவி ஆகிய அனைத்தும் நம்முடனேயே இரவு தங்குகின்றன. எங்கள் உம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. ஆகவே மூன்றாண்டுகளுக்கு முன் இணையவழியில் ஒரு காற்றுமானியை வாங்கி, அவர்களுடைய கட்டிலருகே வைத்தோம். நுண்துகள் அளவு, கரியமில வாயு அளவு, வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை அது எண்களில் காட்டும். காற்று நன்றாக இருந்தால் பச்சை முகம் சிரிக்கும். கெட்டுப்போனால் சிவப்பு முகம் வாடும்.

சென்ற டிசம்பரில் அந்தக் கருவி பழுதானது. நுண்துகள் எண் முந்நூறைத் தாண்டி ஏறியது. பிறகு இறங்கவே இல்லை. சன்னலைத் திறந்தாலும் முந்நூறு, விடியற்காலையில் தோட்டத்தில் வைத்தாலும் முந்நூறு. உள்ளேயிருந்து ‘கிர்’ என்ற ஓசை வேறு. உம்மா அந்தச் சிவப்பு முகத்தைப் பார்த்துப் பார்த்தே மூச்சு முட்டுவதாகச் சொல்லத் தொடங்கினார்கள். விற்றவர்களிடம் கேட்டோம். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, இதைப் பழுது பார்க்கும் ஏற்பாடு இல்லை, புதியது வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது.

ஒரு சிறு பழுதுக்காக முழுக் கருவியையும் குப்பையில் போடுவது எங்களுக்கு உறுத்தியது. வீண்விரயம் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். பெரும்பாலும் அது தட்டில் மிஞ்சிய சோற்றைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. மின்கலம், உலோகம், நெகிழி, தொலைதூரச் சுரங்கத்தில் ஒருவர் சிந்திய வியர்வை ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு பொருளை மூன்றாண்டில் எறிவதும் விரயம்தான். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள், கிழிந்த ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பழுது பார்ப்பது ஏழ்மையின் அடையாளம் அன்று என்பதற்கு நமக்கு வேறு சான்று தேவையில்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருவியைத் திறந்தோம். மின் இணைப்பைக் கழற்றிச் சற்று நேரம் காத்திருந்தோம். அடிப்பகுதியில் ஒட்டியிருந்த நான்கு ரப்பர் பாதங்களை நகத்தால் நெம்பியபோது, அவற்றின் கீழே திருகாணிகள் ஒளிந்திருந்தன. அவற்றைக் கழற்றிய பிறகும் மூடி வரவில்லை. ஓரங்களில் கொக்கிகள் பிடித்திருந்தன. உலோகக் கத்தியால் நெம்பினால் உடைந்துவிடும் என்று பழைய நெகிழி அட்டை ஒன்றை இடுக்கில் செருகி மெல்லத் தள்ளினோம். ஒவ்வொரு கம்பியைப் பிரிக்கும் முன்பும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். திரும்பப் பூட்டும்போது நினைவை நம்பக்கூடாது என்பது பழுது பார்ப்பவர்களின் முதல் பாடம்.

உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய உலோகப் பெட்டி ஒன்று இருந்தது. அதுதான் நுண்துகளை எண்ணும் உணரி. அதன் வேலை மிக எளியது. ஓட்டு வீட்டின் கூரை இடுக்கு வழியே இறங்கும் வெயில் கீற்றில் தூசி மினுங்குவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். கீற்று இல்லாத இடத்திலும் அதே தூசி உண்டு. ஒளி பட்டுச் சிதறுவதால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இப்பெட்டிக்குள் வெயிலின் இடத்தில் ஒரு சிறு லேசர், கண்ணின் இடத்தில் ஓர் ஒளி உணரி, காற்றை இழுக்க ஒரு சிறு விசிறி. துகள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்று கருவி கணக்கிடுகிறது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் அவை. நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை.

எங்கள் கருவியின் நோயும் அங்கேயே தெரிந்தது. விசிறியின் இதழ்களில் கம்பளிப் போர்வையின் இழைகள் சுற்றியிருந்தன. ஒளி செல்லும் பாதையில் ஓர் இழை குறுக்கே நின்றது. லேசர் ஒளி இரவும் பகலும் அந்த ஒற்றை இழையின் மேல் பட்டுச் சிதற, அறை முழுதும் புகை என்று கருவி கூவிக்கொண்டிருந்திருக்கிறது. ரப்பர்க் குமிழால் காற்றடித்து, மென்மையான தூரிகையால் இழைகளை எடுத்தோம். வாயால் ஊதவில்லை, எச்சில் ஈரம் பட்டால் கண்ணாடி மங்கிவிடும். லேசர் இருக்கும் பெட்டி என்பதால், திறந்த நிலையில் மின்சாரம் கொடுக்கவும் இல்லை. அந்த ஒளி கண்ணுக்கு ஆகாது.

மூடிப் பூட்டிச் சன்னலோரம் வைத்தோம். கால் மணி நேரத்தில் எண் பதினைந்துக்கு இறங்கியது. பாம்பே கேசில் பகுதியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிலையத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரிய வேறுபாடு இல்லை. இருபத்து நான்கு மணி நேரச் சராசரியாக இந்தியத் தரநிலை அனுமதிப்பது 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. உம்மா பச்சை முகத்தைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள்.

பழுது நீங்கியதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திராது. திறந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரியவந்தது. கரியமில வாயுவை அளக்கும் உணரி எங்கே என்று பலகை முழுதும் தேடினோம், இல்லை. அதை முறையாக அளப்பதற்கு அகச்சிவப்பு ஒளியும், காற்று புகும் சிறு அறையும் வேண்டும். அங்கே இருந்ததோ மிளகளவேயான ஓர் உலோக ஆக்சைடு உணரி மட்டுமே. அது ஆவியாகும் வேதிப்பொருள்களை மோப்பம் பிடிப்பது. மனிதர் கூடியிருக்கும் அறையில் அத்தகைய ஆவிகள் மிகும், கரியமில வாயுவும் மிகும். ஆகவே முன்னதைக் கண்டு பின்னதை ஊகித்து ஓர் எண்ணைத் திரையில் எழுதிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அத்தர் பூசிக்கொண்டு உம்மாவிடம் சலாம் சொல்ல அறைக்குள் போனாலே, கரியமில வாயு ஆயிரங்களில் எகிறியதன் காரணம் அன்றுதான் விளங்கியது. மூன்றாண்டுகளாக அளவென்று நாங்கள் படித்துவந்தது ஓர் ஊகம்.

அதைவிடக் கவலை தந்தது இன்னொன்று. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை அளக்கும் உணரி அதில் இல்லவே இல்லை. பெயரில் இரண்டும் உடன்பிறப்புகள்போல் ஒலித்தாலும், கரியமில வாயு வேறு, இது வேறு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்வது. தலைவலி, மயக்கம், உறக்கம் என்று வந்து, உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மூடிய அறையில் மரக்கரி கனன்றால் வெளிப்படுவது இதுதான்.

இப்போது இரண்டு இரவுகளை எண்ணிப் பாருங்கள். முதல் இரவில் சன்னல் சற்றுத் திறந்திருக்கிறது. மலைப்பனி அறைக்குள் வருகிறது. பனித்துளிகளும் லேசர் ஒளியைச் சிதறடிக்கும். புகைக்கும் பனிக்கும் வேறுபாடு தெரியாத கருவி சிவப்பு முகம் காட்டுகிறது. அரசுக் கண்காணிப்பு நிலையங்களில் உள்ளிழுக்கும் காற்றைச் சூடேற்றி ஈரத்தைப் போக்கிய பிறகே அளக்கிறார்கள். வீட்டுக் கருவிக்கு அந்த வசதி இல்லை. சிவப்பைக் கண்டு அஞ்சி நாம் எழுந்து சன்னலை அடைக்கிறோம். இரண்டாவது இரவில் சன்னல் அடைபட்டிருக்கிறது; மூலையில் கும்முட்டி அடுப்பு. நன்றாகப் பற்றிய தணலில் புகை மிகக் குறைவு. ஆகவே நுண்துகள் எண் தாழ்ந்தே இருக்கிறது. பச்சை முகம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை நம்பி நாம் உறங்கப் போகிறோம். தீங்கற்ற பனியைப் பார்த்து அலறும் கருவி, உயிரெடுக்கும் தணலின் அருகே சிரிக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. தான் காணாத ஒன்றைப் பற்றி அதனிடம் சாட்சி கேட்டவர்கள் நாம்தான்.

இது கற்பனை அச்சம் அன்று. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்கள், இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கியதில் இருவர் காலையில் எழவே இல்லை. குளிர் மிகுந்த இரவுகளில் மலையூர்களில் இவ்வாறு நேர்வது புதிதும் அன்று. இறந்தவர்கள் அறியாமையால் இறந்தார்கள் என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் அறிவுரையை நாம் எவ்வளவு பின்பற்றுகிறோம்? உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு பற்றியெரிந்த செய்தி எட்டியபோதும், உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி அவர்கள் வலியுறுத்தினார்கள். அந்த அறிவுரையைப் பின்பற்ற எந்தக் கருவியும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை.

அப்படியானால் கருவிகளே வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. கருவியின் சாட்சியத்தை ஏற்குமுன், அது எதைப் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது என்று விசாரிக்க வேண்டும் என்கிறோம். ‘எங்கே’ என்பதும் முக்கியம். கோயம்புத்தூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அகச்சிவப்பு முறையில் கரியமில வாயுவை முறையாகவே அளக்கும் நல்ல கருவியொன்றைக் கொண்டுவந்தார். எங்கள் தோட்டத்தின் திறந்த வெளியில் அது 350க்கும் கீழே காட்டியது. இன்று உலகின் வெளிக்காற்றில் சராசரியே 420 பிபிஎம்முக்கு மேல். உதகைக்கு மட்டும் தனி வானமா? காரணம் உயரம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு இடத்தில் மூலக்கூறுகள் குறைவாக இருப்பதால், கருவி குறைத்துச் சொல்கிறது. அமைப்புப் பகுதியில் ஊரின் உயரத்தைப் பதிந்ததும் எண் நேரானது. நம் ஊரில் அப்படிப் பதியாத கருவி 770 என்று காட்டினால், உண்மையில் அறைக்குள் இருப்பது ஆயிரம்.

இது நம் முன்னோர் அறியாத நுட்பம் அன்று. மர்வு நகரில் வாழ்ந்த அறிஞர் அல்காஸினி, 1121இல் எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் தராசு நூலில், காற்றுக்கும் எடை உண்டென்றும், காற்றின் அடர்த்தி மாறினால் அதில் நிறுக்கப்படும் பொருளின் எடையும் மாறும் என்றும் விளக்கியிருக்கிறார். தராசை மட்டுமன்றி, தராசு நிற்கும் இடத்தையும் கணக்கில் எடுத்தவர்கள் அவர்கள். நாமோ திரையில் தெரியும் எண்ணோடு நின்றுவிடுகிறோம்.

இங்கே விற்பவர்களின் பொறுப்பும் வருகிறது. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் குறைசெய்வோரின் பெயராலேயே அமைந்தது. அளவுமோசடி என்றதும் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டும் கடைக்காரர் நம் நினைவுக்கு வருகிறார். அளக்காத ஒன்றை அளந்ததாக எழுதி விற்பதும் அதன் இன்னொரு வடிவம் என்பது எங்கள் கருத்து. ஊகித்த எண்ணை ஊகம் என்று எழுதட்டும். உள்ளே இருக்கும் உணரி எது, அதன் ஆயுள் எவ்வளவு, எதை அது அளக்காது என்று பெட்டியின் மேலேயே அச்சிடட்டும். திருகாணியை ரப்பர் பாதத்தின் கீழே மறைக்காமல் வெளியே வைக்கட்டும். விசிறியும் உணரியும் தனி உதிரியாகக் கிடைக்கட்டும். தாய்லாந்தின் சியாங் மாயில் தோன்றிய ஏர்கிரேடியன்ட் போன்ற நிறுவனங்கள், கருவியின் வரைபடத்தையே எவரும் பார்க்கும்படி வெளியிட்டு, உதிரிகளையும் விற்கின்றன. முடியாத காரியம் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் இதற்கான பேச்சு தொடங்கிவிட்டது. பழுது பார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்க நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது; அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆனால் கேட்பவர் இல்லாத உரிமை ஏட்டளவில்தான் நிற்கும். பழுது பார்க்க ஏற்பாடில்லை என்று சொல்லப்படும்போது, ஏன் இல்லை என்று எழுதிக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

தெரியாதவர்கள் திறந்தால் ஆபத்தல்லவா என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், எல்லாவற்றையும் திறக்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே சரி. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியைத் திறந்து பழுது பார்க்கக் கூடாது. அதன் உணரிக்கு ஐந்து முதல் பத்தாண்டு வரையில்தான் ஆயுள், காலம் முடிந்தால் மாற்றிவிட வேண்டும். உயிரைக் காக்கும் மணியில் நம் கைத்திறனைச் சோதிப்பது அறிவுடைமை ஆகாது. நாங்கள் திறந்தது ஒரு தூசிமானியை மட்டுமே. அதையும் மற்றோர் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மீண்டும் கட்டிலருகே வைத்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று மாற்றங்கள். அந்தக் கருவியின் திரையில் கரியமில வாயு எண் தோன்றும் இடத்தை ஒரு சிறு தாள் ஒட்டி மறைத்துவிட்டோம். உம்மாவின் அறையில் தனியே ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி இருக்கிறது. அந்த மணி இருக்கிறது என்பதற்காகக் கும்முட்டி அடுப்பு உள்ளே இருப்பதில்லை. இஷா தொழுகை முடிந்ததும் தணலை முற்றத்துக்குக் கொண்டுபோய் மண் போட்டு அணைத்துவிடுகிறோம். பிறகு சன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து, உம்மாவுக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திவிடுகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கருவி இருந்தால், இன்றிரவு அதைத் திருப்பி அடிப்பகுதியில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அது எதை அளக்கிறது என்று தேடுவதோடு நில்லாமல், எதை அளக்கவில்லை என்றும் தேடுங்கள். அதற்கு முன், அடுப்பில் தணல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.